சமவெளியில் காளான் வளர்ப்பவர்கள் வைக்கோலில் தொடங்குங்கள்

வீட்டில் காளான் வளர்ப்பு பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். ஓக் மரக் கட்டையில் துளை போட்டு, காளான் வித்து அடைத்து, மேலே மெழுகு பூசி ஷிடாகே காளான் வளர்ப்பதை அழகாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் வித்திலிருந்து வளரும் வெள்ளைப் பூசண இழை கட்டை முழுக்கப் பரவவே 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், குளிர்ச்சியான இடமும் வேண்டும். அதையும் சொல்லியிருக்கலாம்.

நம் சமவெளியில் வீட்டுக்கு ஏற்றது சிப்பிக்காளான்தான். வைக்கோலைத் துண்டாக்கி ஊறவைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் போட்டு எடுங்கள். அப்புறம் உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், ஒரு சொட்டும் விழக்கூடாது. அந்தப் பதத்தில்தான் காளான் வித்தோடு சேர்த்துப் பையில் அடைக்க வேண்டும். நான் முதல் தடவை அவசரப்பட்டேன். போட்ட மூன்று பையிலும் பச்சைப் பூஞ்சணம் பிடித்து, அப்படியே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. மனசே ஆறவில்லை.

சரியாக அமைந்தால் 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளை இழை படரும். பிறகு குண்டூசித் தலை மாதிரி மொட்டுகள் கொத்தாக வரும், மூன்று நாளில் கை அகலத்துக்கு விரிந்துவிடும். பைமேல் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் போதும். காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறித்துவிடுங்கள். விட்டால் அதன் வித்துத்தூள் அறை முழுக்கப் பறக்கும், சிலருக்கு இருமல் வரும். எங்கள் மாமியாருக்கு வந்தது.