1189 என்பது சுவரில் எழுதிய எண்தான்

"இங்கிலாந்தின் மிகப் பழைய மதுக்கடை இது. 1189-இல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய வீரர்கள் இங்கே குடித்துவிட்டுத்தான் ஜெருசலேம் போனார்கள்" என்று நாட்டிங்ஹாம் நகரின் 'ட்ரிப் டு ஜெருசலேம்' பப்பின் படத்தோடு ஒரு செய்தி சுற்றுகிறது. படம் உண்மை. வெள்ளைச் சுவரில் 1189 என்று பெரிதாக எழுதியிருப்பதும் உண்மை. கதைக்குத்தான் ஆதாரமில்லை.

இன்று நிற்கும் கட்டடம் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. 1751 வாக்கில் அந்த விடுதியின் பெயர் 'பில்கிரிம்', அதாவது யாத்ரீகன். 'ஜெருசலேம்' பெயர் 1799-இல்தான் பதிவில் வருகிறது. 1189 சிலுவைப் போருக்குப் போன இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் முடிசூடிய ஆண்டு; விளம்பரத்துக்குத் தோதான எண்.

பழமை அங்கே இல்லாமல் இல்லை. பின் அறைகள் நாட்டிங்ஹாம் கோட்டை நிற்கும் பாறையின் மணற்கல்லைக் குடைந்தவை. கையால் தேய்த்தால் மணல் உதிரும். கோட்டைக்கு அங்கே பீர் காய்ச்சியிருக்கலாம். ஆனால் குகையின் வயது கடையின் வயது ஆகாது. அதே ஊரின் 'பெல் இன்' விடுதியின் மரச்சட்டங்களில் உள்ள ஆண்டு வளையங்களை வைத்து வயதைக் கணித்தபோது, 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டிய மரம் என்று தெரிந்தது. அதாவது, அதே ஊரின் இன்னொரு கடையின் கட்டடமே இதைவிட சுமார் இருநூறு வருடம் மூத்தது.