உப்புத்தண்ணி போதாது அண்ணே
“பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு ராத்திரி உப்புத்தண்ணியில போட்டா டேட்டா எல்லாம் அழிஞ்சிரும்”னு மேல ஒரு அண்ணன் எழுதியிருக்காங்க. இல்லண்ணே. குளச்சல் கடல்லயே முக்கினாலும் முதல்ல போறது அடியில இருக்க பச்சை சர்க்யூட் போர்டுதான். டேட்டா உள்ள, கண்ணாடி மாதிரி மின்னுற தட்டுல இருக்கு. 2003-ல வானத்துலயே சிதறின கொலம்பியா விண்கலத்தோட டிஸ்க்குல இருந்தே பெரும்பகுதியை மீட்டுட்டாங்க!

ஓடுற டிஸ்க்னா முழுசும் ஒருமுறை சைபரா எழுதுங்க, அதாவது பழைய டேட்டா மேல எல்லா இடத்துலயும் 0 எழுதி அழிக்கிறது. குவிக் ஃபார்மட் பத்தாது, அது ஃபைல் பட்டியலை மட்டும்தான் அழிக்கும். ஓடாததுன்னா நட்சத்திர வாய் ஸ்க்ரூடிரைவரால திறந்து (லேபிளுக்கு அடியிலயும் ஒரு ஸ்க்ரூ ஒளிஞ்சு கிடக்கும், நான் அரைமணி நேரம் தேடினேன்) தட்டை வளைச்சிட்டு இரும்புக்கடைக்குக் கொடுங்க. லேப்டாப் டிஸ்க்குல தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தெறிக்கும்; சாக்குல சுத்தி அடிங்க. எஸ்எஸ்டின்னா (சிப்புலயே டேட்டா வைக்கிற டிஸ்க்) தட்டே கிடையாது, ஒவ்வொரு சிப்பையும் நொறுக்கணும்.