ஆறே மாதம்

முரளி: அத்தை, மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு நேரம் தொலைபேசியில் யாரோடு பேசினீர்கள்?

அத்தை: எங்கள் ஆட்களோடு.

முரளி: எல்லாம் என் காதில் விழுந்தது. "விடிவதற்குள் இடத்தைப் பிடித்துவிட்டார்கள். உள்ளே ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் மூன்று பேர் போனால் போதும், அடித்து விரட்டிவிடலாம்" என்றீர்கள்.

அத்தை: ஆமாம். எல்லாம் நீலக் கட்சிக்காரர்கள். இரவில் தூங்கவே மாட்டார்கள் போலிருக்கிறது.

முரளி: கட்சியா? நீங்கள் எப்போது கட்சியில் சேர்ந்தீர்கள்?

அத்தை: 2016-ல். மஞ்சள். எங்களுக்கு ஆள்பலம் குறைவுதான். அதற்காகக் கட்சி மாறும் பழக்கம் எனக்கு இல்லை.

முரளி: அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது? பத்திரம் இருக்கிறதா? வக்கீலைப் பார்த்தீர்களா?

அத்தை: பூங்காவில் நிற்கும் சிலைக்கு யார் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள்?

முரளி: சிலையையா ஆக்கிரமித்தீர்கள்!

அத்தை: நேற்று மாலை வரை நம் கையில்தான் இருந்தது. சரி, வழியை விடு. இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் முட்டை பொரிந்துவிடும்.

முரளி: முட்டையா? கோழி எங்கே?

அத்தை: கோழி கிடையாது. என் கால்கள்தான் அடைகாக்கின்றன. பஸ்ஸில் போனால் கணக்கில் சேராது, நடந்தே ஆக வேண்டும்.

முரளி: நடந்தால் முட்டை... (நெற்றியில் அடித்துக்கொள்கிறான்) போக்கிமான் கோ! கைப்பேசியோடு ஊரைச் சுற்றி நடந்து, திரையில் தோன்றும் விலங்குகளைப் பிடித்து, கட்சி கட்டி இடம் பிடிக்கும் விளையாட்டு! அத்தை, அதை இன்னுமா ஆடுகிறீர்கள்? அது செத்துப் பல வருடம் ஆகிவிட்டதே!

அத்தை: அப்படியா? எனக்கு யாரும் சொல்லவில்லையே. நேற்றுகூட நன்றாகத்தானே இருந்தது.

(இந்த "இன்னுமா?"வைக் கேட்டிராத ஆட்டக்காரர் எங்கும் இருக்கமாட்டார். கேட்பவர் முகத்தில் ஒரு கருணை வழியும் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. போகட்டும், முரளி பேசட்டும்.)

முரளி: நான் அன்றே சொன்னேன். 2016 ஜூலையில் அது வெளிவந்தபோதே, "ஆறே மாதம், அதற்குமேல் தாங்காது" என்று சொன்னேன்.

அத்தை: சொன்னாய். 2017-லும் சொன்னாய். சிகாகோவில் முதல் திருவிழா வைத்து, கூடிய கூட்டத்தில் இணைப்பு செத்துப்போய், மேடை ஏறிய தலைமை அதிகாரியைப் பார்த்து ஜனங்கள் கூச்சலிட்டார்களே, அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினாய். அடியில் "ஆறே மாதம்" என்று எழுதியிருந்தாய்.

முரளி: டிக்கெட் பணத்தையே திருப்பிக் கொடுத்தார்களே, அத்தை! அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அத்தை: அவர்கள் எதற்காகக் கூச்சலிட்டார்கள்? ஆட முடியவில்லையே என்று. ஆட்டம் சலித்துப்போனவன் டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, வெயிலில் தொண்டை கிழியக் கத்தமாட்டான். வீட்டில் படுத்துத் தூங்குவான்.

முரளி: எண்ணிக்கையைப் பாருங்கள். முதல் மாதத்தில் 13 கோடிப் பதிவிறக்கம், 20 கோடி டாலருக்கு மேல் வருமானம் என்று கின்னஸ் சாதனையில் ஏறியது. அந்தக் கூட்டம் இன்று எங்கே?

அத்தை: அந்தக் கூட்டத்தில் நீயும் ஒருவன். நீ எங்கே போனாய் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

முரளி: எனக்கு வேலை வந்துவிட்டது.

அத்தை: வேலை பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே ஒரு பிட்ஜியைப் பிடிக்கப் போய்க் கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டாய். நெற்றி வீங்கியது. அன்று மாலைதான் "இது ஒரு மோகம், தானாக அடங்கிவிடும்" என்று அறிவித்தாய். வீக்கம்தான் அடங்கியது.

முரளி: பேச்சைத் தனிப்பட்ட விஷயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். உலகமே பைத்தியமாக அலைந்ததா, இல்லையா? லாஸ் ஏஞ்சல்ஸில் ரோந்துக் காரில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள், கடையில் கொள்ளை நடக்கிறது, துணைக்கு வாருங்கள் என்று அழைப்பு வந்தும் போகவில்லை. ஸ்னார்லக்ஸ் என்ற போக்கிமானைத் தேடிக்கொண்டு போனார்கள்.

அத்தை: அதோடு நிற்கவில்லை, டோகெடிக்கையும் துரத்தினார்கள். அவர்கள் பேசிக்கொண்டது முழுவதும் காரிலேயே பதிவாகிவிட்டது. வேலை போயிற்று. மேல்முறையீடு செய்தார்கள், 2022-ல் நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது.

முரளி: வெட்கமாக இல்லையா?

அத்தை: அவர்களுக்கு இருக்க வேண்டும். அது கிடக்கட்டும், அந்தக் கூத்து நடந்தது எந்த வருடம்?

முரளி: 2017, ஏப்ரல்.

அத்தை: நீ கொடுத்த ஆறு மாதம் அந்த ஜனவரியிலேயே முடிந்துவிட்டதே. செத்த பிறகா அவர்களுடைய வேலையைப் பறித்தது?

முரளி: பங்குச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு வெளிவந்ததும் ஜப்பானிய நிறுவனமான நிண்டெண்டோவின் பங்கு விலை இரண்டு மடங்காக ஏறியது. அதே ஜூலை 25-ஆம் தேதி, ஒரே நாளில், 17 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. இதற்குப் பெயர் மோகம் இல்லாமல் வேறென்ன?

அத்தை: மோகம்தான், நான் மறுக்கவில்லை. யாருடைய மோகம்? விளையாட்டைச் செய்தது நயன்டிக். கூகுளுக்குள் பிறந்து 2015-ல் தனியாக வந்த நிறுவனம். நிண்டெண்டோவுக்குப் போக்கிமான் கம்பெனியில் ஒரு பங்கு உண்டு. இதனால் எங்களுக்குப் பெரிய லாபம் வராது என்று நிண்டெண்டோவே அறிக்கை விட்ட பிறகுதான் வாங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். நாங்கள் ஒரு மேஜிகார்ப்பைப் பிடித்தால்கூட அதன் தாக்குதல் எவ்வளவு, தற்காப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வோம்.

முரளி: மேஜிகார்ப் என்றால்?

அத்தை: ஒன்றுக்கும் உதவாத மீன். துள்ளத்தான் தெரியும். அதற்கு 400 மிட்டாய் சேர்த்துக் கொடுத்தால் கியாரடோஸ் என்ற பெரிய நாகமாக மாறும்.

முரளி: அதுவரை?

அத்தை: துள்ளிக்கொண்டே இருக்கும். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் நினைவு வருகிறது.

முரளி: சிரியுங்கள். இதே நிறுவனம் 2019-ல் ஹாரி பாட்டரை வைத்து இதே போல ஒரு விளையாட்டு விட்டது. அதே வரைபடம், அதே நடை. 2022 ஜனவரியில் இழுத்து மூடிவிட்டார்கள். இந்த வகை ஆட்டத்துக்கே காலம் முடிந்தது என்று அப்போதும் சொன்னேன்.

அத்தை: ஆறே மாதம்?

முரளி: ஆறே மாதம்.

அத்தை: உலகம் முழுக்கத் தெரிந்த மந்திரக்காரப் பையன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான், போக்கிமானின் மஞ்சள் எலி இன்னும் நிற்கிறது. வெறும் பெயரைப் பார்த்து வரும் மோகம் என்றால் அவனும் நின்றிருக்க வேண்டாமா?

முரளி: அப்படியானால் எதனால் நிற்கிறது? சொல்லுங்கள், கேட்கிறேன்.

அத்தை: எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அவர்களே ஹாரி பாட்டரை மூடவிட்டிருப்பார்களா? நீ ஒருவன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்து வைத்திருக்கிறாய்.

முரளி: 2020-ல்? வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று சட்டம் போட்ட வருடத்தில், வெளியே நடந்தால்தான் ஆட முடியும் என்கிற விளையாட்டு...

அத்தை: ஆறே மாதம் என்றாய். அவர்கள் தூரத்தை மாற்றினார்கள். ஓர் இடத்தை எட்டுவதற்கு 40 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பதை 80 ஆக்கினார்கள். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் பழையபடி 40 ஆகக் குறைத்தபோது என்ன நடந்தது தெரியுமா? ஆட்டக்காரர்கள் கொதித்து எழுந்தார்கள், பணம் செலவழிக்கமாட்டோம் என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் 80 திரும்ப வந்துவிட்டது. செத்துப்போன விளையாட்டில் 40 மீட்டருக்காக யார் மல்லுக்கு நிற்பார்கள்?

முரளி: வேலையற்றவர்கள் நிற்பார்கள். தைவானில் ஒரு முதியவர், சைக்கிள் முன்னால் மயில் தோகை விரித்ததுபோல் கைப்பேசிகளாகக் கட்டிக்கொண்டு ஆடினாரே, அவர் மாதிரி.

அத்தை: அவரைப் பற்றி மரியாதையாகப் பேசு. எழுபது வயதில் அத்தனை கைப்பேசிகளையும் மின்னூட்டம் தீராமல் ஓட்டினார். உன்னுடைய ஒரே கைப்பேசி மதியமே அணைந்துவிடுகிறது, அவசரத்துக்குக் கூப்பிட்டால் கிடைப்பதில்லை.

முரளி: எனக்கு இந்த மாதிரிப் பொழுதுபோக்கில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. நிலைக்கும் விஷயத்தில்தான் நான் கைவைப்பேன்.

அத்தை: 2021-ல் ஒரு குரங்குப் படத்தில் கைவைத்தாயே.

முரளி: அது என்.எஃப்.டி., எண்ணிம உடைமை, அத்தை. அது முதலீடு.

அத்தை: "இதுதான் எதிர்காலம், நூறு வருடம் நிற்கும், நீங்களும் ஒன்று வாங்குங்கள்" என்றாய். இப்போது என்ன விலைக்குப் போகிறது?

முரளி: சந்தை சற்று ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

அத்தை: அதற்கு ஓய்வு, இதற்குச் சாவு?

முரளி: அதற்கு முன்னால் அந்தக் குரல் அரட்டைச் செயலியில் இருந்தேன், அதையும் கேலி செய்தீர்கள்.

அத்தை: நான் வாயே திறக்கவில்லை. நீதான் அதில் போய்ப் போக்கிமான் செத்துவிட்டது என்று ஒரு மணி நேரம் பேசினாய். கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். விளையாட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது, முரளி. வந்துவிட்டுப் போன மோகம் நீதான்.

(முரளி சிறிது நேரம் கைப்பேசியில் எதையோ தேடுகிறான். தோற்கும் நேரத்தில் இந்த வகை ஆட்கள் செய்வது இதுதான்.)

முரளி: இதோ! விற்றுவிட்டார்கள்! 2025 மார்ச்சில் நயன்டிக் தன் விளையாட்டுகளையே விற்கப்போவதாக அறிவித்திருக்கிறது. நன்றாக ஓடுகிற விளையாட்டை யாராவது விற்பார்களா?

அத்தை: என்ன விலைக்கு என்றும் அங்கே எழுதியிருக்குமே, படி.

முரளி: அது... 350 கோடி டாலர்.

அத்தை: வாங்கியது ஸ்கோப்லி என்ற விளையாட்டு நிறுவனம். அதன் பின்னால் நிற்பது சவூதி அரசின் முதலீட்டு நிதி. செத்ததை அந்த விலைக்கு வாங்கிப் பாடம் செய்து மாட்டிவைக்க அவர்கள் என்ன அருங்காட்சியகமா நடத்துகிறார்கள்? நயன்டிக்கின் விளையாட்டுகளை மாதந்தோறும் ஆடுகிறவர்கள் 3 கோடிப் பேருக்கு மேல் என்றும் அதே செய்தியில் இருக்கும். அதை நீ உரக்கப் படிக்கமாட்டாய்.

முரளி: விற்றது விற்றதுதானே?

அத்தை: விற்றதை மட்டும் பார்க்கிறாய். அவர்கள் எதை விற்காமல் வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தாயா? வரைபடத் தொழில்நுட்பத்தை. அதைத் தனி நிறுவனமாக ஆக்கிக்கொண்டார்கள். எந்தப் பூங்காவில் எந்தச் சிலை, எங்கே நீரூற்று என்று அவர்களுக்குச் சொன்னது யார்? போக்கிமான் கோவுக்கு முன்பே அவர்கள் விட்ட இன்கிரெஸ் என்ற விளையாட்டை ஆடியவர்கள், படம் பிடித்து, பெயர் எழுதி, கூலி இல்லாமல் அனுப்பினார்கள். பிறகு நாங்கள் வந்தோம். கேமராவைத் தூக்கிப் பிடித்துச் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து பதிவு செய்து கொடுத்தோம். கிடைத்தது விளையாட்டுக்குள் செல்லும் சில்லறைப் பரிசு. இடங்களைக் கணினிக்குப் புரியவைக்கும் பெரிய மாதிரி ஒன்றை ஆட்டக்காரர்கள் தந்த அத்தகைய பதிவுகளை வைத்துக் கட்டுகிறோம் என்று 2024-ல் அவர்களே எழுதினார்கள். நிற்குமா, நிற்காதா என்று நீ இத்தனை வருடமாக என் உயிரை எடுக்கிறாய். அவர்களுக்கு அந்தக் கவலையே கிடையாது. நான் நாளைக்கே விட்டுவிட்டாலும் சிலையின் மூக்கு எத்தனை அங்குலம் என்பது அவர்களிடம் இருக்கிறது.

முரளி: இவ்வளவும் தெரிந்தா ஆடுகிறீர்கள்?

அத்தை: உன் கைப்பேசியில் இருக்கும் செயலிகள் எல்லாம் உன்னை உட்காரவைத்து விற்கின்றன. இது என்னை நடக்கவைத்து விற்கிறது. இந்த வயதில் எனக்கு இது பரவாயில்லை.

முரளி: (எழுந்து) நீங்கள் என்ன சொன்னாலும் சரி, அத்தை. கைமாறிய விளையாட்டு உருப்படாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஆறே மாதம்.

அத்தை: நான் எதற்கு எழுத வேண்டும்? நீயே எழுதிக் கொடு. இதுவரை நீ சொன்னதெல்லாம் வாய்ச்சொல்லாகவே போய்விட்டது. இந்தா பேனா.

முரளி: எழுதுகிறேன், எனக்கென்ன பயம்? "போக்கிமான் கோ என்னும் விளையாட்டு ஆறு மாதத்தில் முடிந்துவிடும். இப்படிக்கு, முரளி." போதுமா?

அத்தை: தேதி?

முரளி: இன்றைய தேதியைத்தானே கேட்கிறீர்கள்?

அத்தை: இன்றைய தேதி எதற்கு? அது முடியும் தேதியைப் போடு.

முரளி: (பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து) முடியும் தேதி என்றால்... "சுமார்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாமா, அத்தை?