தந்தையின் ஆண்டு வருமானம்

எனக்கு 41 வயது. பாதியில் விட்ட பட்டப்படிப்பை மறுபடி தொடங்கலாம் என்று போன வருடம் முடிவெடுத்து, உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒழுங்காகப் போனது. அடுத்த கட்டம், தந்தையின் ஆண்டு வருமானம். அப்பா காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. பூஜ்யம் போட்டேன். 'சரியான தொகையை உள்ளிடவும்' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. சரி என்று 1 போட்டேன், ஏற்றுக்கொண்டது. அடுத்த பக்கத்தில் அந்த ஒன்றுக்கு வருமானச் சான்று கேட்டது.

உதவி எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "சொல்லுங்க மேடம், பையனுக்கா பொண்ணுக்கா?" எனக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒரு நிமிஷம் மேடம்" என்று பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நடுவயதில் படிக்க வரும் நமக்குக் கொடுக்கப் பணமே இல்லை என்பதில்லை. பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் படிவத்தை எழுதியவர் மனதில் ஒரே ஒரு மாணவன்தான் இருந்திருக்கிறான். அவனுக்குப் பதினெட்டு வயது, பகல் முழுக்க ஓய்வு, ஃபீஸ் கட்ட அப்பா இருக்கிறார். நம்மைத் தகுதியில்லை என்று யாரும் ஒதுக்கவில்லை, நாம் வருவோம் என்று யாரும் நினைத்தே பார்க்கவில்லை. இது தெரியாமல், நமக்குத்தான் கிடைக்காது போல என்று கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேரோ.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் 24 வயது ஆகிவிட்டால் மத்திய அரசின் கல்வி உதவிப் படிவம் பெற்றோர் வருமானத்தைக் கேட்பதில்லை. அங்கே தரப்படும் பெல் கிரான்ட் என்ற உதவித்தொகைக்கு வயது வரம்பும் இல்லை. ஜெர்மனியில் மாணவர் உதவித் திட்டத்தில் சேர முன்பு பொதுவாக 30 வயதுதான் எல்லை, 2022-ல் அதை 45 ஆக்கினார்கள். சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கென்றே 2024-ல் 4,000 சிங்கப்பூர் டாலர் பயிற்சிக் கணக்கில் போட்டது. இதற்கெல்லாம் முன்பே, 1944-ல் அமெரிக்கா போர்வீரர்களின் படிப்புச் செலவை ஏற்க ஒரு சட்டம் போட்டது. சுமார் 22 லட்சம் பேர் அந்தப் பணத்தில் கல்லூரிக்குப் போனார்கள். குடும்பம் குட்டியோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தவர்கள் அதில் ஏராளம். யாரும் அவர்களிடம் இந்த வயசில் படிப்பு எதற்கு என்று கேட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் கேட்டார்கள், சொந்தக்காரர்கள். அது வேறு கதை.

என் விஷயத்தில் உதவித்தொகை கடைசிவரை கிடைக்கவில்லை. காரணம் வயதில்லை, நான் மாலை வகுப்பு. 'முழுநேர மாணவர்களுக்கு மட்டும்' என்று அறிவிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வேலையை விட்டால் தருவார்களாம், வேலையை விட்டால் நான் எப்படிப் படிப்பது? வயது வரம்பு என்று எழுதினால் கேள்வி வரும். முழுநேரம் என்று எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், விளைவு ஒன்றுதான்.

கடைசியில் பாதிப் பணம் வந்தது அலுவலகத்திலிருந்து. முதல் தடவை மேலாளரிடம் வராந்தாவில் நின்றபடி கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். அதோடு சரி. இரண்டாவது தடவை ஒரு பக்கக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். எந்தப் படிப்பு, எந்தப் பாடம் என் வேலையில் எங்கே உதவும், ஒவ்வொரு செமஸ்டருக்கும் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், அதில் பாதி தர முடியுமா, அவ்வளவுதான். எச்.ஆரில் இருந்து கூப்பிட்டார்கள். பணியாளர் கையேட்டிலேயே இதற்கு ஒரு விதி இருந்திருக்கிறது! பதினாறு வருடமாக அந்தக் கையேடு என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது.

ஆனால் அதிலும் இரண்டு கண்ணிகள். ஒன்று, பாஸானால்தான் பணம், அதுவும் பின்னால்தான் வரும். அதாவது முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டும், அரியர் வைத்தால் கோவிந்தா. இன்னொன்று, படிப்பு முடிந்து இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கிறேன் என்று பான்ட். நடுவில் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. பதினெட்டு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போனால் மீதி ஆறு மாதத்துக்கு உரியதை மட்டும் தருகிறேன் என்று கேட்டேன். மாற்றிக் கொடுத்தார்கள். அச்சடித்து வந்துவிட்டால் மாற்ற முடியாது என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம்.

மீதிக்குக் கடன். 'படிக்கும்வரை ஒரு காசு கட்ட வேண்டாம்' என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பாலான கடன்களில் வட்டி அந்த நேரத்திலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, வட்டி வருடா வருடம் அசலோடு சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து முதல் தவணை கட்டப் போகும்போது கடன் 1,33,100. இருபது வயதில் இதைத் தாங்கலாம், பின்னால் சம்பாதிக்க நாள் இருக்கிறது. 41-ல் கடன் வாங்கி, மூன்று வருடம் கழித்துப் பதினைந்து வருடத் தவணை தொடங்கினால் 59 வரை கட்ட வேண்டும். நான் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவிடுகிறேன், அசல் வாங்கிய இடத்திலேயே நிற்கிறது. உங்களால் முடியாவிட்டாலும் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பழைய மதிப்பெண் பட்டியல்களைத் தேடி எடுங்கள். அன்று நான் முடித்த பாடங்களில் ஒரு செமஸ்டர் அளவுக்குப் புதிய கல்லூரி கணக்கில் எடுத்துக்கொண்டது. அவ்வளவு ஃபீஸ் குறைந்தது, ஆறு மாதமும் மிச்சம். இதற்கு யாரிடமும் வருமானச் சான்று காட்ட வேண்டியிருக்கவில்லை. சேர்ந்த பிறகு கேட்டால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள், அதனால் அட்மிஷன் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த வருடம் கல்லூரியின் சொந்த உதவித்தொகை ஒன்று வந்திருக்கிறது, மாலை வகுப்புக்காரர்களும் விண்ணப்பிக்கலாம். நேற்று ராத்திரி சமையலறையை ஒழித்துவிட்டு உட்கார்ந்து நிரப்பினேன். வருமானக் கட்டத்தில் இப்போது 'பெற்றோர் / சுய வருமானம்' என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழேயே 'தந்தையின் தற்போதைய தொழில்' என்று ஒரு பட்டியல் வந்தது. அரசுப் பணி, தனியார் பணி, விவசாயம், சுயதொழில், மற்றவை. மற்றவையைத் தேர்ந்தெடுத்தேன். விவரம் எழுதுக என்றது.