அமெரிக்காவில் கடிகார மாற்றம் ஒழிந்துவிடவில்லை

"அமெரிக்கா 2022இலேயே கடிகார மாற்றத்தை ஒழித்துவிட்டது, கோடைக்கால நேரத்தை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை" என்று சிலர் எழுதுவது தவறு. 2022 மார்ச் 15 அன்று நாடாளுமன்ற மேலவையான செனட் ஒருமனதாக நிறைவேற்றியது, கோடைக்கால நேரத்தை (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பதை) நிரந்தரமாக்கும் ஒரு மசோதாவை மட்டுமே. கீழவையான பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்காததால் அது காலாவதியானது. அதன் பிறகும் மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னும் நவம்பரில் பின்னுமாகக் கடிகாரங்கள் திருத்தப்பட்டே வந்தன.

யாருக்கும் நட்டமில்லை என்ற இரண்டாவது கூற்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் அந்த நாடு இதை ஏற்கெனவே செய்து பார்த்துக் கைவிட்டிருக்கிறது. எண்ணெய் நெருக்கடியின்போது எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, ஆண்டு முழுவதும் கோடைக்கால நேரத்தை வைத்துக்கொள்ள அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் 1974 ஜனவரி 6 அன்று நடைமுறைக்கு வந்தது. கடிகாரப்படி விடியல் ஒரு மணி நேரம் தள்ளிப்போனதால் பிள்ளைகள் கும்மிருட்டில் கையில் டார்ச் விளக்குடன் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். புளோரிடாவில் விடியுமுன் நடந்த சாலை விபத்துகளில் மாணவர்கள் உயிரிழந்ததும் பெற்றோரின் எதிர்ப்பு வலுத்தது. 1975 ஏப்ரல் வரை நீடிக்கவேண்டிய அந்த ஏற்பாட்டை 1974 அக்டோபரிலேயே திருத்தி, குளிர்காலத்துக்கு வழக்கமான நேரத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். கோடைக்கால நேரம் நிரந்தரமானால் டெட்ராய்ட்டில் ஜனவரித் தொடக்கத்தில் சூரியன் உதிக்கவே காலை 9 மணியாகிவிடும். மாற்றத்தை ஒழிக்கவேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் எந்த நேரத்தை நிலைநிறுத்துவது என்பது வேறு கேள்வி.