சர்வர் இல்லீன்னா கவர்மெண்டும் இல்லீங்களா?

2025 செப்டம்பர்ல தென்கொரியாவுல டேஜான்ங்கற ஊர்ல கவர்மெண்ட் டேட்டா சென்டர் தீப்புடிச்சுது, காரணம் போரும் இல்ல புயலும் இல்ல, லித்தியம் பேட்டரிய இடம் மாத்தற வேலைங்க. 709 சிஸ்டம் ஒரேயடியா படுத்துருச்சு. அதவிடக் கொடுமை, அரசு ஊழியர்க ஃபைல் போட்டு வெச்சிருந்த ஜி-டிரைவ்ங்கற அரசோட சொந்த ஸ்டோரேஜ், 858 டெராபைட், வெளிய பேக்கப்பே இல்லாம எரிஞ்சு போச்சு. டிஜிட்டல்னா உலகமே கை காட்டற நாடு! எங்க அப்பாறு வெதக்கடலையக் கூட ஒரே எடத்துல வெக்க மாட்டாரு.

உக்ரைன்ல பாருங்க, அரசு டேட்டா நாட்டுக்குள்ளயேதான் இருக்கோணும்னு இருந்த சட்டத்த 2022 பிப்ரவரில ரஷ்யா உள்ள வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி மாத்துனாங்க, அப்புறம் மளமளன்னு வெளிநாட்டு கிளவுட்ல ஏத்தீட்டாங்க. 2020ல வந்த டியாங்கற அரசு சேவை ஆப்லயே, குண்டு உழுந்து வீடு போனவங்க சேதக் கணக்கு குடுக்கற வசதியும் சேத்தாங்க. எஸ்டோனியா இன்னும் உசாரு. 2007 சைபர் அட்டாக்ல சூடு பட்டவங்க, 2017ல லக்சம்பர்க்கோட ஒப்பந்தம் போட்டு அங்க டேட்டா எம்பஸியே, அதாவது தூதரகம் மாதிரி தங்க நாட்டு டேட்டாவோட காப்பி இருக்கற எடத்தையே, வெச்சுட்டாங்க.

கஷ்ட காலத்துல டிஜிட்டல் வளருதுங்கறது நெசந்தான். 2016ல நோட்டு செல்லாதுன்னப்ப போன்ல காசு கட்டறதுக்குக் கடைல ஸ்டிக்கர் ஒட்டுனாங்க, கொரோனா வந்தப்புறம் கோபி, பெருந்துறைப் பக்கம் எளநிக் கடை வரைக்கும் க்யூஆர் தொங்குது. ஆனா வளந்தத காப்பாத்தறதுக்குக் காசு போட ஆளில்ல. ஏன்னு கேட்டீங்கன்னா புது ஆப் தொறந்தா போட்டோ வரும், பேக்கப் எடுத்தா எந்தப் பேப்பர்ல வரும்?

இங்க போருக்கெல்லாம் காத்திருக்க வேண்டாங்க, ஒரு நல்ல மழை போதும். திருப்பூர்ல சரக்கு அனுப்ப பில் போடற சைட் சுத்திக்கிட்டே இருந்தா தூத்துக்குடி போற லோடு அப்பிடியே நிக்குது, கப்பல் நமக்காகக் காத்திருக்குமா? ரேசன் கடைல மஞ்சக்காட்டுல பாடுபட்டு ரேகை தேஞ்ச ஆத்தாக்க வெரல மிசின் ஏத்துக்கவே மாட்டீங்குது, கடைக்காரரும் பாவம், "சர்வர் இல்லீங்காத்தா, நாளைக்கு வாங்க"ங்கறாரு. நடந்து வந்த ஆத்தா வெறும் பையோட திரும்பிப் போகுது. நோட்டுல எழுதி அரிசி போடு, கேள்வி வந்தா நான் பாத்துக்கறேன்னு அவருகிட்ட சொல்ற ஒரு மேலதிகாரி வேணும், அதுவும் சிஸ்டத்துல ஒரு பாகந்தானுங்களே?

என்னக் கேட்டா வருசத்துக்கு ஒரு நாள் வேணும்னே மெயின் சர்வர ஆஃப் பண்ணிப் பாக்கட்டும். எத்தன லாரி நகருது, எத்தன கார்டுக்கு அரிசி போகுது, பட்டா கேட்டு வந்தவங்களுக்கு என்ன பதில் சொல்றாங்கன்னு அன்னைக்குத் தெரிஞ்சுரும். மாசம் 20ஆம் தேதி மட்டும் வேண்டாம் சாமி, ஜிஎஸ்டி ஃபைல் பண்றவங்க அடிக்க வந்துருவாங்க.