டெம்ப்ளர்களின் ஆற்றல் லிரியத்திலிருந்துதான் வருகிறதா?

'டிராகன் ஏஜ்' விளையாட்டுகளில் மந்திரத்தை முறிக்கும் டெம்ப்ளர் வீரர்களுக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், லிரியம் என்றுதான் பெரும்பாலானோர் சட்டென்று சொல்வார்கள். குள்ளர்கள் நிலத்தடியில் வெட்டியெடுக்கும் அந்தப் பொருளைச் சான்ட்ரி என்னும் திருச்சபை தன் வீரர்களுக்குத் தொடர்ந்து கொடுத்துவருகிறது என்பது உண்மையே. ஆனால் அந்த விடை பாதிதான் சரி என்பது என் கருத்து. (கதையின் முக்கியமான முடிச்சுகள் இங்கே அவிழும், இன்னும் ஆடாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.)

2009இல் வெளிவந்த முதல் பாகத்தின் அலிஸ்டர், டெம்ப்ளராகப் பயிற்சி பெற்றும் உறுதிமொழி எடுப்பதற்கு முன்பே, அரக்கப் படைகளை எதிர்க்கும் கிரே வார்டன்கள் என்னும் வீரர் அணியோடு சேர்ந்துவிட்டவன். டெம்ப்ளர்களுக்கான லிரியம் அவனுக்குக் கொடுக்கப்பட்டதே இல்லை. ஆயினும் மந்திரங்களைக் கலைக்கிறான், நமக்கும் அதைக் கற்றுத்தருகிறான். லிரியம் திறனைக் கூட்டுகிறது என்பதையே ஐயத்தோடு சொல்லும் அவன், வீரர்களைப் போதைக்கு அடிமையாக்கிக் கைக்குள் வைத்துக்கொள்வதே திருச்சபையின் நோக்கம் என்று கருதுகிறான். வார்டன்களின் சேர்ப்புச் சடங்கில் அருந்தும் கலவையிலும் சிறிது லிரியம் உண்டே, அதுவே காரணமாக இருக்கலாமே என்று சிலர் வாதிடுகிறார்கள். அப்படியானால் இரண்டாம் பாகத்தின் நாயகனான ஹாக், வார்டனாக இல்லாமலேயே டெம்ப்ளர் திறன்களைப் பெற முடிவது எப்படி?

2014இல் வந்த 'இன்க்விசிஷன்' இந்த ஐயத்துக்கு வலுச்சேர்க்கிறது. டெம்ப்ளர்களுக்கு மேல்நிலையில் இருந்த சீக்கர்கள் லிரியம் அருந்துவதில்லை. நீண்ட நோன்பின் முடிவில் உணர்ச்சியும் கனவும் அறுந்த நிலைக்குக் கொண்டுபோகப்பட்டு, நம்பிக்கையின் ஆவி ஒன்று தீண்டி மீட்பதால் அவர்கள் ஆற்றல் பெறுகிறார்கள். ஆவிகளோடு உறவாடுவதைப் பேராபத்தென்று மந்திரவாதிகளுக்குப் போதிக்கும் அமைப்பின் உச்சியிலேயே இப்படியொரு இரகசியம் இருந்ததைச் சீக்கர்களில் ஒருத்தியான கசாண்ட்ராவே பிற்பாடுதான் அறிகிறாள்.

லிரியத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மனித உடல் இயல்பாகக் கனவுலகை நாடும் என்றும், லிரியம் குடித்த டெம்ப்ளரின் உடல் அதைவிடப் பழமையான, பெரிய ஒன்றை நாடுவதால் மந்திரம் நுழைய இடமில்லாமல் போகிறது என்றும் 'இன்க்விசிஷன்' பாத்திரமான கோல் என்னும் ஆவி சொல்வதன் பொருள், லிரியம், நிலத்தடியில் உறையும் டைட்டன்கள் என்னும் மாபெரும் தொன்மையான உயிர்களின் குருதி என்று 2015இல் 'தி டிசென்ட்' விரிவாக்கத்தில் தெரியவந்தபோதுதான் துலங்கியது. கனவுலகோடு தொடர்பே இல்லாத குள்ளர்கள் மந்திரத்தை இயல்பாகவே ஓரளவு தாங்குவதும் இதோடு பொருந்துகிறது.

என் கணிப்பில், கண்முன் உள்ள உலகை அசையாமல் பற்றிக்கொள்ளும் மனப்பயிற்சியே இந்த ஆற்றலின் வேர். லிரியம் அந்தப் பிடியை இறுக்குகிறது, அவ்வளவுதான். லிரியம் இல்லாமலும் அது இயலும் என்றால், திருச்சபை லிரியத்தைக் கட்டாயமாக்கியது அரசியலன்றி வேறென்ன? மந்திரவாதி ஒருவனின் காதல் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்காக வெளியேற்றப்பட்ட டெம்ப்ளரான சாம்சன், இரண்டாம் பாகத்தில் கிர்க்வால் நகரத் தெருக்களில் லிரியத்துக்காகக் கையேந்தித் திரிகிறான்.